பாட்டியின் மடியும் பனியன் தொழிலும்

சென்ற மாதம் மூன்று வார காலம் இப்பக்கத்தில் நமது எழுத்து காணப்படாததற்குக் காரணம் யாது என்று அன்பர் பலர் கடிதமூலம் வினவியிருந்தார்கள். சர்க்காரின் மிரட்டலாக இருக்குமோ, கட்சிக்குள் மனஸ்தாபமாக இருக்குமோ என்று சிலர் ஊகமும் செய்திருந்தார்கள். அவ்வளவு கௌரவமான காரணம் எதுவுமில்லை. பழைய வழக்குக் கட்டுகள் நான்கைந்தை அலமாரியிலிருந்து ஒருசேரத் தூக்க முயன்று, இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டோம். விஷயம் அவ்வளவே.

படுத்திருந்த நாட்களில் ஒன்றைக் கவனித்தோம். நமது வீட்டில் பள்ளிக்குப் போகும் சிறுவர் இருவர். துணையின்றிக் கட்டிலைவிட்டு இறங்க இயலாத தாயார் ஒருவர். நாம் படுத்ததனால் வீட்டுக் காரியம் ஒன்றேனும் நின்றுபோகவில்லை. குழந்தைகள் நேரத்தில் பள்ளிக்குப் போனார்கள். தாயாருக்கு வெந்நீரும் மருந்தும் நேரத்தில் கிடைத்தன. நமக்கும் வேளை தவறாமல் கஞ்சி வந்தது. நம்மைப் பார்க்க வந்த வைத்தியர் போகும்போது நமது மனைவியாரிடம், "உங்கள் இடுப்புவலி இப்போது எப்படியிருக்கிறது?" என்று கேட்டார். அவருக்கு இரண்டு வருஷமாக அந்த உபத்திரவம் உண்டென்பது அப்பொழுதுதான் நமக்குத் தெரியவந்தது. நமக்கு வந்தால் மூன்று வாரம் ஓய்வு. அவருக்கு வந்தபோது வீட்டில் ஒருவருக்கும் செய்தி தெரியாது. இருபது வருஷமாக மேடையேறிச் சமத்துவம் பேசிவருகிற நாம் அன்று வைத்தியர் முகத்தைப் பார்க்கக் கூசினோம்.

எழுந்து நடமாடத் தொடங்கிய பின், ஒரு வழக்கின் நிமித்தமாகத் திருப்பூருக்குச் செல்ல நேர்ந்தது. அங்கே நம்மிடம் ஆலோசனை கேட்க வந்த ஒரு குடும்பத்தின் வரலாற்றை, அவர்களுடைய சம்மதத்தின் பேரில், அடையாளம் விளங்காதபடி இங்கே எழுதுகிறோம். நமது வீட்டுச் சங்கதியை முன்னே சொன்னதும் இதற்காகவே.

கணவர் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை செய்பவர். மனைவி வேறொரு கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர். இருவரும் திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்து, லைன் வீட்டில் குடியிருப்பவர்கள். முதற் குழந்தை பிறந்து சில மாதங்களில், குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கணவரின் தாயார் ஊரிலிருந்து வரவழைக்கப்பட்டார். மருமகள் காலை எட்டரை மணிக்குக் கம்பெனிக்குள் நுழைந்தால், சரக்கு அவசரமான நாட்களில் 'ஒன்றரை ஷிப்ட்' முடித்து வெளியே வர இரவு எட்டரையாகும். அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் குழந்தைக்குத் தாய், தாதி, காவல் எல்லாம் அந்த மூதாட்டியே. இரண்டாவது குழந்தையும் அவர் மடியிலேயே வளர்ந்தது. இவ்வாறு நாலைந்து வருஷம் சென்றபின், ஒருநாள் காலை மூதாட்டிக்குப் பக்கவாதம் கண்டது. வலக் கையும் வலக் காலும் விழுந்துவிட்டன. குழந்தைகளைப் பார்த்துவந்தவரை இனி யாராவது பார்க்கவேண்டும். ஐந்து வயதில் ஒன்று, இரண்டு வயதில் ஒன்று, படுக்கையில் மாமியார். மருமகள் கம்பெனியை விட்டு நின்றார்.

நின்றும் சும்மா இருக்க முடியவில்லை. ஜாப் ஒர்க் எடுப்பவரிடமிருந்து கட்டுக் கட்டாகத் துணி வாங்கிவந்து, தரையில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக் கொடுக்கிறார். கிடைப்பது முன்பு வாங்கிய கூலியில் ஒரு சிறு பங்கு. குனிந்தே உட்கார்ந்திருப்பதும், கனத்த சரீரமுடைய மாமியாரைத் தனியொருவராகத் தூக்கி உட்காரவைப்பதும், சின்னக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே தண்ணீர்க் குடம் எடுப்பதும் சேர்ந்து முதுகெலும்பைப் பதம் பார்த்துவிட்டன. தெருமுனை மருந்துக் கடையில் வாங்கும் வலி மாத்திரையை விழுங்கித்தான் பகல் பொழுது கழிகிறது என்றார். வயது இருபத்தொன்பது.

கணவரின் தமையனார் ஒருவர் வசதியாக இருக்கிறார். தாயாருக்குக் காலணாவும் அனுப்புவதில்லை. அவர்மேல் சட்டப்படி நடவடிக்கை எடுக்கலாமா என்பதே இவர்கள் கேட்கவந்த கேள்வி. எடுக்கலாம் என்றோம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ஆம் வருஷத்தில் இயற்றப்பட்டது. பெற்றோரைப் பராமரிக்கும் கடமை மகனுக்கு மட்டுமன்று, மகளுக்கும், வயதுவந்த பேரன் பேத்திகளுக்கும் உண்டென்று அது சொல்லுகிறது. தீர்ப்பாயம் மாதம் 10,000 ரூபாய் வரையில் பராமரிப்புத் தொகை விதிக்கலாம். இத்தீர்ப்பாயத்தில் வக்கீல் ஆஜராகக் கூடாதென்றும் சட்டமியற்றியவர்கள் எழுதிவைத்தார்கள். ஏழை முதியோரின் வழக்கு துரிதமாக முடியவேண்டுமென்ற நல்லெண்ணத்தினால் என்று எண்ணி, நம் தொழிலார் அதை மன்னித்தல் வேண்டும்.

இதையெல்லாம் பொறுமையாகக் கேட்ட அந்தப் பெண், "ஐயா, சட்டத்தில் பணம் கிடைக்கும் என்கிறீர்கள். ஆள் கிடைக்குமா?" என்று கேட்டார்.

நமக்குப் பதில் தோன்றவில்லை. அச்சட்டத்தில் 'பிள்ளைகள்' என்பதன் பொருள் விளக்கத்தைப் பன்முறை வாசித்திருக்கிறோம். மருமகள் என்ற சொல் அதில் இல்லை. மருமக்களையும் சேர்க்க 2019-ஆம் வருஷத்தில் கொண்டுவரப்பட்ட திருத்த மசோதாவும் நிறைவேறாமலே காலாவதியாயிற்று. ஆகவே சட்டத்தின் கண்ணில் மருமகளுக்கு மாமியாரிடத்தில் யாதொரு கடமையுமில்லை. திருப்பூர் லைன் வீட்டிலோ, கடமை முழுவதும் அவருடையதே. கடமையுள்ள பிள்ளைகள் பணத்தைப் பற்றி வழக்காடுவார்கள். கடமையில்லாதவர் படுக்கையை மாற்றுவார்.

இது ஒரு குடும்பத்தின் கஷ்டம், இதற்கும் பத்திரிகையின் இப்பக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் நேயர்களும் இருக்கக்கூடும். 2025 ஆகஸ்டு 27 முதல் அமெரிக்க சர்க்கார் நமது சரக்குகளுக்கு 50 சதவீதம் வரி என்று அறிவித்தபோது, நாம் உட்பட எல்லாப் பத்திரிகைகளும் திருப்பூரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினோம். வருஷத்துக்கு நாற்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்த நகரம் ஆகையால், எழுதியதில் தவறில்லை. ஆனால் அந்த நாற்பதாயிரம் கோடியின் ஆதாரத்தில் ஒரு பங்கு, லைன் வீட்டுத் திண்ணையில் பேரனை மடியில் வைத்திருக்கும் கிழவியின் கூலியில்லா உழைப்பாகும். அவர் மடி இல்லையேல் பவர் டேபிளில் ஆளில்லை. எந்தக் கம்பெனியின் கணக்குப் புத்தகத்திலும் அவருக்குப் பற்றுமில்லை, வரவுமில்லை. அவர் விழுந்தால் அவரோடு தேர்ந்த தொழிலாளி ஒருவரும் கம்பெனியிலிருந்து போய்விடுகிறார். முதலாளிகள் "ஆள் பற்றாக்குறை" என்று மாநாடு கூட்டுகிறார்கள். பற்றாக்குறை எங்கே உண்டாகிறதென்று லைன் வீட்டில் வந்து பார்த்தவர் சிலரே.

சஸெக்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த கிரேஸ் கார்ஸ்வெல், கெயர்ட் டி நீவ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் திருப்பூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் நெடுங்காலம் தங்கி எழுதியிருக்கிறார்கள். பெண்கள் கம்பெனி வேலைக்குப் போவதும், நிற்பதும், திரும்பப் போவதும் கூலியை மட்டும் பொறுத்ததன்று. வீட்டில் யார் இருக்கிறார்கள், குழந்தைக்கு என்ன வயது என்பதையும் பொறுத்தது என்பது அவ்வெழுத்துக்களால் விளங்கும். நமது தொழிற்சங்க நண்பர்கள் இதை வெள்ளைக்காரர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தத்தம் வீட்டிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

திருப்பூர் எப்பொழுதும் இப்படியிருந்த ஊரன்று. 1925-ஆம் வருஷத்தில் அகில பாரத சர்க்கா சங்கம் ஸ்தாபிக்கப்பட்டபின், தமிழ்நாட்டுக் கதர் வேலைக்கெல்லாம் திருப்பூரே தலைமை ஸ்தலமாக விளங்கிற்று. இங்கே பனியன் தொழில் தோன்றியதும் ஏறக்குறைய அதே வருஷத்தில்தான் என்பார்கள். கதரின் பொருளாதாரத்தைப் பற்றி ஆயிரம் வாதம் செய்யலாம். கூலி சொற்பமென்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் ராட்டைக்கு ஒரு குணம் உண்டு. தொட்டிலை ஒரு கையால் ஆட்டிவிட்டு மறுபடியும் நூற்கலாம். மாமியார் கூப்பிட்டால் எழுந்துபோய் வரலாம். வேலை வீட்டுக்குள் வந்தது, வீடு கலையவில்லை. பவர் டேபிள் அப்படியன்று. அது ஆளை மட்டும் அழைக்கிறது. ஆளோடு ஒட்டியுள்ள குழந்தையையும் கிழவியையும் வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. பழைய காலத்துக்குத் திரும்பவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. பன்னிரண்டு மணி நேரம் உழைத்தாலும் கையில் சனிக்கிழமைக் கூலி வாங்கும் பெண்ணுக்கு வீட்டில் உண்டாகியிருக்கும் மதிப்பை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். ஆளை அழைப்பவன் ஆளோடு வருகிற பாரத்துக்கும் வழி சொல்லக் கடமைப்பட்டவன் என்பதே நமது கட்சி.

சட்டம் இக்கடமையை அறியாமலில்லை. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், 30-க்கு மேற்பட்ட பெண் தொழிலாளர் உள்ள ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டுமென்று விதித்திருந்தது. 2017-ஆம் வருஷத்தில் பிரசவ உதவிச் சட்டத்தைத் திருத்தியபோது, ஆண் பெண் சேர்த்து 50 பேர் உள்ள எந்த ஸ்தாபனத்துக்கும் காப்பகம் அவசியம் என்றார்கள்; தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று குழந்தையைப் பார்க்கலாம் என்றும் சேர்த்தார்கள். 2025 நவம்பர் 21-ஆம் தேதி அமுலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவ்விதி இடம் பெற்றிருக்கிறது. தந்தை ஒருமுறையேனும் போய்ப் பார்க்கலாமா என்பதைப் பற்றி மூன்று சட்டங்களும் மௌனம் சாதிக்கின்றன.

ஆனால் திருப்பூரின் அமைப்பை அறிந்தவர்களுக்கு இவ்விதியின் ஓட்டை உடனே தெரியும். ஒரு பனியன் பலருடைய கைமாறி உருவாகிறது. பின்னல் ஓரிடம், சாயம் ஓரிடம், கட்டிங் ஓரிடம், தையல் மற்றோரிடம். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகள் பல உண்டு. அவற்றுக்குக் கீழே, பதினைந்து இருபது மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்யும் சிறு கம்பெனிகள் சந்துக்குச் சந்து உண்டு. ஐம்பது என்ற எண்ணிக்கை அவற்றைத் தொடுவதேயில்லை. ஒரு தெருவில் பத்துக் கம்பெனி, கம்பெனிக்கு முப்பது பேர் என்றால், அத்தெருவில் முந்நூறு பேர் உழைக்கிறார்கள். சட்டத்தின் கணக்கில் காப்பகம் வைக்கக் கடமைப்பட்டவர் அத்தெருவில் ஒருவருமில்லை. கம்பெனிக்குக் கம்பெனி தலையெண்ணுவது, ஒரே மதிலுக்குள் ஆயிரம் பேர் வேலை செய்யும் பஞ்சாலைக்குப் பொருந்தும். ஊரே ஆலையாக இருக்கும் திருப்பூருக்கு அது பொருந்தாது.

அப்படியே பெரிய கம்பெனி காப்பகம் வைத்தாலும் மற்றொரு இடைஞ்சல் இருக்கிறது. அவிநாசி, பல்லடம், ஊத்துக்குளி, காங்கயம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் விடியற்காலை புறப்பட்டு வரும் பெண்கள் அநேகர். கைக்குழந்தையையும் அந்த நெரிசலில் ஏற்றி, இரவு திரும்பவும் இறக்கிக்கொண்டு வர எந்தத் தாய்க்கு மனம் வரும்? காப்பகம் இருக்கவேண்டிய இடம் குடியிருப்புக்குப் பக்கம். அங்கே ஏற்கெனவே அங்கன்வாடி இருக்கிறது. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கிய திட்டத்தின்கீழ் ஏற்பட்டவை இந்த அங்கன்வாடிகள். ஆனால் அவை பிற்பகலோடு கதவைச் சாத்திவிடுகின்றன. கம்பெனியோ இரவில்தான் ஆளை விடுகிறது. இடைப்பட்ட மணி நேரங்களே பாட்டியின் மணி நேரங்கள். அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்த்து நடத்த மத்திய சர்க்கார் 2022-ஆம் வருஷத்தில் 'பால்னா' என்ற பெயரால் வகைசெய்திருக்கிறது. அதைத் திருப்பூர் வார்டுகளில் இரவு எட்டு, ஒன்பது மணி வரைக்கும் நடக்கும்படி செய்வது அசாத்தியமா?

பணம் எங்கே என்பார்கள். இதற்குத் திருப்பூரே முன்பொரு தடவை பதில் சொல்லியிருக்கிறது. சாயக் கழிவினால் நொய்யல் ஆறு கெட்டு, விவசாயிகள் ஹைகோர்ட்டுக்குச் சென்று, 2011 ஜனவரி 28-ஆம் தேதி சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவு பிறந்த வரலாறு நேயர்களுக்கு நினைவிருக்கும். ஊர் ஸ்தம்பித்துப்போயிற்று. தனித்தனிச் சாயப்பட்டறைக்காரர் பலரால் சொந்தமாகச் சுத்திகரிப்பு ஆலை வைக்க இயலாது. என்ன செய்தார்கள்? பலர் கூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை ஏற்படுத்தினார்கள். ஒவ்வொருவரும் தாம் அனுப்பும் தண்ணீரின் அளவுக்குத் தக்கபடி செலவை ஏற்றார்கள். சர்க்காரும் வட்டியில்லாக் கடன் கொடுத்து உதவிற்று. ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் விழாமல் நீரைத் திரும்ப உபயோகிக்கும் முறையை இன்று வெளிநாட்டார் வந்து பார்த்துப்போகிறார்கள். சாயத் தண்ணீருக்குப் பொது ஏற்பாடு செய்த நகரம், குழந்தைக்குப் பொது ஏற்பாடு செய்ய முடியாதென்று எந்த நியாயஸ்தலத்தில் வாதிப்பது? பல ஸ்தாபனங்கள் சேர்ந்து பொதுக் காப்பகம் வைக்கலாமென்று சட்டத் தொகுப்பே இடங்கொடுக்கிறது. மெஷினுக்கு இவ்வளவு என்று வகுத்துப் போட்டால் சிறு கம்பெனிக்கும் பாரமாகாது.

முதியோர் விஷயம் இதைவிடச் சிக்கலானது. குழந்தை வளர்ந்து பள்ளிக்குப் போய்விடும். படுத்த கிழவி எழுந்திருப்பாளென்ற நிச்சயமில்லை. 2021-ஆம் வருஷ மதிப்பீட்டில் நமது ராஜ்யத்து ஜனங்களில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம், கேரளத்துக்கு (16.5 சதவீதம்) அடுத்தபடி நாம்தான். 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைப்பேறு 1.8. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வரப்போவது விளங்கும்: கட்டில்கள் பெருகும், கட்டிலருகே நிற்க ஆள் குறையும். இந்த ராஜ்யத்தில் செய்யப்பட்ட நற்காரியங்களை மறைப்பது நமது வழக்கமன்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வாயிலாக இரத்த அழுத்தம், நீரிழிவு மருந்துகள் வீட்டுக்கே வருகின்றன. படுத்தவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்க வழி செய்யப்பட்டது. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், ஆரம்பப் பள்ளிக் குழந்தையைப் பட்டினியாக அனுப்பும் அவசரத்திலிருந்து பல தாய்மாரை விடுவித்தது. நாம் சொன்ன குடும்பத்தில் இயன்முறை வைத்தியர் வந்து போகிறார். அதனால் மூதாட்டியின் கை சற்றுத் திரும்பியிருக்கிறது. மற்ற நாளெல்லாம் அந்தப் பயிற்சியைச் செய்விக்க வேண்டியவர் யார்? மருமகள்தான். கேரள சர்க்கார் 'ஆசுவாச கிரணம்' என்ற திட்டத்தின்கீழ், படுத்த நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கென்றே மாதம் 600 ரூபாய் ஏற்படுத்தியது. தொகை அற்பமே. ஆயினும் பார்த்துக்கொள்வதும் ஒரு வேலை, அதைச் செய்பவரும் ஓர் ஆள் என்று ஏட்டில் எழுதிவிட்டார்கள். ஜப்பான் 2000-ஆம் வருஷத்திலேயே முதியோர் பராமரிப்புக்கென இன்ஷூரன்ஸ் ஏற்படுத்தி, வீட்டுக்கு ஆள் அனுப்புகிறது. 'ஆள் கிடைக்குமா' என்ற திருப்பூர்ப் பெண்ணின் கேள்விக்கு, நாமறிந்தவரை, நேரான பதில் அதுதான்.

நமது தொழிலாளர் காப்புறுதியான ஈ. எஸ். ஐ. இதில் எங்கே நிற்கிறது? தொழிலாளி தாமே நோயுற்றால், வைத்தியர் சான்றின்பேரில் வருஷத்தில் 91 நாள் வரையில் கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். தம்மை நம்பி வாழும் பெற்றோருக்கும் வைத்தியம் கிடைக்கும். தாயார் படுத்தார், குழந்தைக்குக் காய்ச்சல் என்று நின்ற நாட்களுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. தவிர, ஒப்பந்தக்காரரின்கீழ்ப் பீஸ் ரேட்டில் வேலை செய்பவர்களில் பலர் பெயர் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. வீட்டில் பிசிறு வெட்டும் பெண்ணைத் தொழிலாளி என்று சொல்லவே ஆளில்லை.

முதுகுவலியைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை சொல்லாமல் விடுவதற்கில்லை. நமக்கும் அதில் இப்போது கொஞ்சம் அனுபவ பாத்தியதை உண்டு. உலகில் 2020-ஆம் வருஷத்தில் 61 கோடியே 90 லட்சம் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. மனிதரை முடக்கிப்போடும் வியாதிகளில் இதுவே முதன்மையானதாம். சாய்மானமில்லாத ஸ்டூலில் நாள் முழுதும் முன்னே வளைந்து உட்காரும் டெய்லருக்கும், நின்றபடியே செக்கிங் செய்பவருக்கும், கட்டுத் தூக்கும் கைமடிப் பெண்ணுக்கும் இது வருவதில் ஆச்சரியமில்லை. அவர்கள் வீடு திரும்பியதும் அடுத்த ஷிப்ட் ஆரம்பமாகிறதென்பதே வைத்தியர் சீட்டில் எழுதப்படாத விஷயம். 2023 டிசம்பரில் அந்த ஸ்தாபனம் வெளியிட்ட யோசனைகளில், நாட்பட்ட வலிக்குத் தேகப் பயிற்சியும் வலியைப் பற்றிய தெளிவும் முக்கியமென்று சொல்லி, இடுப்புப் பெல்ட்டை எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாமென்றும் கூறியிருக்கிறது. நாமோ எண்ணூறு ரூபாய் கொடுத்துப் பெல்ட் வாங்கிய பிறகுதான் இதைப் படித்தோம். வலி மாத்திரையைத் தினந்தோறும் தின்பது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கால் மரத்து வலுவிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கடைச் சிப்பந்திகளுக்கு உட்கார ஆசனம் வேண்டுமென்று 2021-ஆம் வருஷத்தில் நமது சட்டசபை சட்டம் செய்தது பாராட்டத்தக்கது. உட்கார்ந்தே கூனிப்போகும் டெய்லருக்குச் சாய்மானமுள்ள நாற்காலியும், மணிக்கு ஒருமுறை எழுந்து நிற்க ஐந்து நிமிஷமும் கேட்பது அதற்கடுத்த நியாயமான படி. பீஸ் ரேட்டில் அந்த ஐந்து நிமிஷமும் தொழிலாளியின் பையிலிருந்தே போகிறது. ஆகையால் கூலி ஒப்பந்தத்திலேயே அதற்கு இடம் செய்தாகவேண்டும்.

கூலி ஒப்பந்தம் என்றோம். நமது வாசகர்களில் பலர் தொழிற்சங்கங்களிலும் கட்சிகளிலும் உழைப்பவர்கள். அவர்களிடம் மனம் விட்டுச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. 1984-ஆம் வருஷத்தில் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளரின் ஊர் திருப்பூர். 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடங்கொடுக்கும் மசோதா சட்டசபையில் நிறைவேறியபோது நீங்கள் கொதித்தெழுந்தீர்கள். மே முதல் தேதி அது வாபஸாயிற்று. மிகவும் சரி. ஆனால் அதே நாட்களில், எந்த மசோதாவின் துணையுமின்றி, 'ஒன்றரை ஷிப்ட்' என்ற பெயரில் அந்தப் பன்னிரண்டு மணி நேரம் இங்கே நடந்துகொண்டுதான் இருந்தது. கட்டிங், டெய்லர், செக்கிங், கைமடி, பேக்கிங் என்று ஒவ்வொரு வேலைக்கும் இவ்வளவு என்று முதலாளி சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து பேசும் மேஜையைச் சுற்றி இருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கூலியில் பைசாக் கணக்குக்கு விடியுமட்டும் வாதாடுவார்கள். குழந்தைக் காப்பகம் என்ற ஒரு வரி எத்தனை கோரிக்கைப் பட்டியலில் முதலில் இருந்தது? கடைசியில் இருந்திருந்தாலும், முதலாளி தரப்பு முகம் சுளித்ததும் விட்டுக்கொடுக்கும் கோரிக்கை அதுவாகத்தானே இருக்கும்? பேச்சுவார்த்தைக் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்கட்டும். கைக்குழந்தையோடு வந்து உட்காரட்டும். அக்குழந்தை நடுவில் அழட்டும். பேச்சுவார்த்தை துரிதமாக முடியும்.

சங்கத்திலும் சட்டசபையிலும் ஆகவேண்டியது இது. வீட்டில் ஆகவேண்டியது வேறு. இந்திய சர்க்காரின் புள்ளிவிவர இலாகா 2024-ஆம் வருஷத்தில் ஜனங்கள் பொழுதை எவ்வாறு செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. கூலியில்லா வீட்டு வேலை செய்யும் பெண் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிஷம் கொடுக்கிறாள். அவ்வேலை செய்யும் ஆண் 88 நிமிஷம். 15 முதல் 59 வயது வரையுள்ளோரில், வீட்டாரைப் பேணும் வேலையில் கைவைப்பவர்கள் பெண்களில் 41 சதவீதம், ஆண்களில் 21.4 சதவீதம், அதிலும் பெண் 140 நிமிஷம், ஆண் 74 நிமிஷம். இந்தக் கணக்கை எழுதும்போது நமது பேனா கொஞ்சம் தயங்கிற்றென்பதை ஒப்புக்கொள்கிறோம். நமது சொந்தக் கணக்கை யாராவது எடுத்திருந்தால் 74 நிமிஷம் தேறியிராது.

திருப்பூர்க் குடும்பத்துக்கு ஒரு செய்தி சொல்லவேண்டும். தீர்ப்பாயத்துக்கு மனு எழுதிக் கொடுத்தோம். நோட்டீஸ் போகுமுன்பே தமையனார் செய்தியறிந்து வந்து, மாதம் ஒரு தொகை தருவதாக ஒப்புக்கொண்டார். ஆனால் அந்தப் பெண் அதோடு விடவில்லை. மாதத்தில் ஒரு வாரம் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் வந்து இருங்கள் என்றார். பணத்துக்கு உடனே சம்மதித்தவர் இதற்கு யோசிக்க வேண்டுமென்று சொல்லிப் போயிருக்கிறார். கணவர் மட்டும், ஒன்றரை ஷிப்ட் வேண்டாமென்று வாரத்தில் மூன்று நாள் மாலை ஆறு மணிக்கே வீடு திரும்புகிறார். தாயாரைத் தூக்கி உட்காரவைப்பது அந்த நாட்களில் இரண்டு பேர் வேலையாகிவிட்டது.

நமது வீட்டிலோ, இரவில் தாயாரைத் திருப்பிப் படுக்கவைக்கும் முறை இப்போது நம்முடையது. படுக்கைப் புண் வராதிருக்க அது அவசியம். முதல் வாரத்தில் இரண்டு நாள் அலாரம் அடித்தும் தூங்கிப்போனோம்; காலையில் எழுந்து கேட்டபோது, வழக்கம்போல் காரியம் நடந்திருந்தது.